பலகை போட்ட நாவ்

நா என்றாரா, நாவ் என்றாரா?

அம்சவேணிக்கு வேறெதுவும் மனசில் ஏறவில்லை. டெல்லி வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் வெள்ளை வேட்டியில் அவளுடைய கணவர் இராஜமாணிக்கம். விடிகாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். உறவுக்காரர்கள் வரும் கோயமுத்தூர் விமானம் வந்துவிட்டால் எடுத்துவிடலாம் என்று வாசலில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நேற்றுச் சாயங்காலம் அவர் உதடு அசைந்தது. "நா... வ..." அவ்வளவுதான். நா வறளுது என்கிறார் என்று நினைத்து, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் குனிந்து கேட்டுவிட்டு, "அங்கிள் நாவ் கேக்கறாரே ஆன்ட்டி, எங்க போகணுமாம்?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தாள். அவளுக்கு நாவ் என்றால் படகு.

இந்த வீட்டிலும் அப்படித்தான். காங்கேயத்தில் பிறந்த இரண்டு பேருக்கும் படகு என்பது பாடப்புத்தகத்துச் சொல். சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்ற வருஷம், உடன் வேலை பார்த்தவரோடு இமாசல மலையில் இருக்கும் பிலாஸ்பூர் ஏரிக்குப் போய்த் தூண்டில் போட்டுவிட்டு வந்தார் இராஜமாணிக்கம். ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். சொந்தமாக ஒன்று வேண்டும், வேகன்ஆர் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற மாதிரி சின்னதாக. ஃபரீதாபாத்தில் படகு செய்யும் குர்மீத்திடம் இந்தியில் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அது நாவ் ஆகிவிட்டது.

குர்மீத்திடம் இரண்டு இருந்தன. ஒன்று ஃபைபர். முதுகு சாய்த்துக்கொள்ள நாற்காலி வைத்தது. மற்றது அலுமினியம். அடி தட்டையாக, குறுக்கே வெறும் பலகை. எடை பார்க்கிற மெஷினைக் கூடத்தின் நடுவில் வைத்துக்கொண்டு பாட்டரி, ஐஸ் டப்பா, தண்ணீர்க் கேன் என்று ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினார்.

"நீயும் ஏறு அம்மிணி."

"என்னைய எதுக்கு? நானென்ன நாவுலயே உக்காந்துட்டா வரப்போறேன்?"

"வண்டிக்குள்ளாற உக்காந்தாலும் கனம் கனந்தான? மலையேறோணுமில்ல?"

"அப்ப என்னைய எறக்கி வுட்டுட்டுப் போங்க. வண்டி லேசாப் போயிரும்."

"உன்னைய எறக்கி வுடறதுன்னா எனக்கெதுக்கு நாவ்?"

சொல்லிவிட்டு மெஷினின் முள்ளைத்தான் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

நாற்காலி வைத்ததை வண்டி இழுக்காது. வெறும் பலகையில் உட்கார அவளுடைய முதுகு தாங்காது. பெரிய வண்டி வாங்குகிற யோசனை இருவருக்குமே வந்ததில்லை. முடிவு சொல்லாமலே தள்ளிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று குர்மீத் கெடு வைத்திருந்தான். இன்றைக்கு ஞாயிறு.

"நங்கை, ஒரு வாய் காப்பி குடிங்க." அவருடைய தங்கை அருக்காணி டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கே கோல் மார்க்கெட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அண்ணன் பெண்டாட்டியை அவள் அண்ணி என்று கூப்பிட்டதில்லை. "தொட்டித் தண்ணில குளிக்கறதுக்கே எங்கண்ணன் ஊரைக் கூட்டும். அதுக்குப் போயி ஏரில மிதக்கோணும்னு ஆசை வந்துச்சு பாருங்க." சிரிக்கத் தொடங்கியவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு முந்தானையை விலக்கி, "கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்றாள்.

"தண்ணி கேட்டாரு."

காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள். அந்தப் பஞ்சை வைத்தபோது அவர் தலையைத் திருப்பிக்கொண்டாரா, இல்லை அது தானாகச் சாய்ந்ததா? நா என்றால் உடம்பு கேட்டது. தாகம் யாருக்கும் வரும், யாரும் தண்ணீர் தரலாம். நாவ் என்றால் அதை அவளிடம் மட்டும்தான் கேட்டிருக்க முடியும். அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கூடவே, அப்படியானால் பதில் வராமலே போய்விட்டாரே என்றும்.

மகன் மதன் போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். பாதி அழுகையில் அவனுக்குத் தமிழ் இன்னும் தடுமாறியது.

"அம்மா, அந்த ஃபரீதாபாத் ஆளு. அப்பா விஷயம் சொன்னேன், பாவம், அழறான். ஆனா அந்த அலுமினியம் போட்டுக்கு வேற பார்ட்டி வந்து நிக்குதாம். வேண்டாம், குடுத்துடுன்னேன். கேக்க மாட்டேங்கறான். நீங்க சொல்லணுமாம்."

"நான் எதுக்கு?"

"அப்பா போன வாரம் அவன்கிட்ட சொன்னாராம். நான் ரெண்டையும் பாத்தாச்சு, எதுன்னு உன் பாபிஜிதான் சொல்லணும், கேட்டுட்டு சொல்றேன்னு. ஒரு வார்த்தை, வேண்டாம்னு சொல்லிடுங்கம்மா. ஜல்தி. வண்டிக்காரன் வேற கூப்பிடறான்."

போன வாரம் அவர் கேட்கவில்லை. காய்ச்சலோடு படுத்திருந்தார். தலையணையைச் சரிசெய்தபோதெல்லாம் ஏதோ சொல்ல வந்தவர்போல அவளைப் பார்த்தார். அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரம் வந்துவிட்டது.

போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையில் குர்மீத், "பாபிஜி..." என்றான்.

"பையாஜி," என்றாள். அவளுடைய இந்தி எப்போதும்போல உடைந்தே வந்தது. "அந்தப் பலகையில ரெண்டு பேர் உக்காரலாமா?"

தாராளமாக உட்காரலாம் என்றான்.

"அப்ப அதை யாருக்கும் தராதீங்க."

"அம்மா!" மதன் குனிந்து தணிந்த குரலில் பேசினான். "யாரு எடுத்துட்டுப் போவா? உங்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது. எங்க நிறுத்துவீங்க? போனைக் குடுங்க, நான் சொல்லிக்கறேன்."

அருக்காணி அவளுடைய தோளைத் தொட்டாள். "பையன் சொல்றதும் சரிதானுங்க நங்கை. குடுத்துருங்க."

"இல்ல கண்ணு, உங்கப்பா என்னையத்தான கேட்டாரு," என்றாள் அம்சவேணி மகனிடம். நீட்டிய அவன் கையைப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. குர்மீத் இன்னும் வைக்கவில்லை. அவனுக்குப் பின்னால், பட்டறையில் யாரோ தகட்டை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.