கூந்தலை வெட்டிக்கொண்ட பேரரசி

"கண்டிப்பா வர்றோமுங்க" என்று சுகர் லேண்ட் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் இருபத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, ஹூஸ்டன் அருங்காட்சியகம் ஒன்றில், சீனப் பேரரசியர் உடைக்கூடத்தின் வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்.

இதில் வியப்படைய, அவர்களை அழைத்த வசந்தாமணிக்கு உரிமை இல்லை. அழைத்தவரிடம் வர இயலாது என்று சொல்லும் வழக்கம் அவள் ஊரான கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் கிடையாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதே மரியாதை. எத்தனையோ வளைகாப்புகளுக்கு அவளும் அப்படிச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்திருக்கிறாள். இருந்தும், இந்த இருபத்து மூன்றை இருபத்து மூன்றாகவே எடுத்துக்கொண்டாள்.

திருமணத்துக்கு முன் மூன்றாண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவள். கணவன் சேனாபதியோடு டெக்சஸ் வந்த பின் இருபத்திரண்டு ஆண்டுகளாக எவருக்கும் எதையும் கற்பித்ததில்லை. மகள் வேலைக்காக வேறு மாநிலத்துச் சான் ரமோனுக்குப் போனதும், இந்த அருங்காட்சியகத்தில் தன்னார்வ வழிகாட்டியாகச் சேர்ந்தாள். தமிழில் ஓர் உரைக்கு அனுமதி கேட்டு நான்கு மாதம் நடந்தாள். அனுமதி ஒரு நிபந்தனையோடு கிடைத்தது: ஐந்து பேராவது கேட்டிருந்தால் தமிழ் உரை மாதந்தோறும் தொடரும், குறைந்தால் இதுவே முதலும் கடைசியும்.

கார் பார்க்கிங்கில் இருந்த சேனாபதியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஏனுங்க, நாலு பேருதான் வந்திருக்காங்க. நீங்க வந்தா அஞ்சு."

"பிளான்ட் மீட்டிங் கால்ல இருக்கறேன் வசந்தா. உன் பேச்ச வீட்ல மூணு மாசமாக் கேட்டதுதான?"

"ஏனுங்க."

"சரி, வர்றேன். மியூட் போட்டுக்கறேன்."

வந்தான். காதில் இயர்பட் இருந்தது.

மற்ற நால்வரில் நாகரத்தினமும் பர்வதமும் கரூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருப்பவர்கள். மகள் அவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தாள். பிரீத்தி அடுத்த தெருக்காரி. கூடவே பத்து வயது மகள் விஷாகா.

"ஏசி நல்லாருக்குதுங்க" என்றார் நாகரத்தினம்.

"இந்த மஞ்சள் அங்கியைப் போல ஒன்றை அணிந்தவர்தான் நாரா குலத்துப் பேரரசி" என்று வசந்தாமணி தொடங்கினாள். "கியான்லாங் பேரரசரின் இரண்டாவது பட்டத்தரசி. 1765இல் அவரோடு தெற்கே பயணம் போனார். வழியில், ஹாங்சோ நகரில், தம் கூந்தலைத் தாமே வெட்டிக்கொண்டார்."

"ஐயோ, எதுக்குங்க?" என்றாள் பர்வதம்.

"அவர்கள் குலத்தில் கணவரோ மாமியாரோ இறந்தால்தான் பெண்கள் அப்படி வெட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு இரண்டு பேருமே உயிரோடு இருந்தார்கள்."

நாகரத்தினம் ஒரு கணம் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அப்ப, நீ எனக்குச் செத்தவன்னு சொல்லிப்போட்டாளா!"

"வாட் எ சாவேஜ்" என்று மெச்சினாள் விஷாகா.

"விஷாகா! மியூசியத்துல என்ன பேச்சு?" என்ற பிரீத்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வசந்தாமணியும் சிரித்தாள். வகுப்பு சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! "உடனே தலைநகருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு இறந்தார். பட்டத்தரசிக்கு உரிய சடங்குகளோடு அடக்கம் செய்யவில்லை. ஏன் வெட்டிக்கொண்டார் என்பதற்குத் தெளிவான குறிப்பு இல்லை."

"திடுதிப்புனு யாரும் கத்தரிக்கோல எடுக்க மாட்டாங்க கண்ணு" என்றாள் பர்வதம். "அதுக்கு முன்னால நூறு தடவை வாயால சொல்லியிருப்பா. அந்தாளு காதுல வாங்கியிருக்க மாட்டான்."

"யெஸ், யெஸ், ஐ கேன் ஹியர் யூ" என்று பின்னாலிருந்து ஒரு குரல் உரக்கக் கேட்டது. "கோ அஹெட்."

எல்லோரும் திரும்பினார்கள். சேனாபதி அங்கிக்கு முதுகைக் காட்டி நின்றபடி, நீங்கள் தொடருங்கள் என்று கையைக் காட்டினான். வசந்தாமணி தொடர்ந்தாள். இன்னும் ஆறு அங்கிகள் இருந்தன.

உரை முடிந்ததும் நால்வரும் விடைபெற்றார்கள். "அடுத்த மாசமும் கண்டிப்பா வர்றோமுங்க" என்றார் நாகரத்தினம்.

சேனாபதி அருகே வந்தான். "நல்லாப் பேசுன வசந்தா. அஞ்சு ஆச்சுல்ல?"

"யாரப் பத்திங்க பேசுனேன்?"

"சீனாக்காரங்களப் பத்தித்தான்" என்றவன், காதைத் தொட்டுக்கொண்டே காரை எடுத்துவரப் போனான்.

அருங்காட்சியக ஒருங்கிணைப்பாளர், நரைத்த தலையோடு எப்போதும் புன்னகைக்கும் அமெரிக்கப் பெண்மணி, படிவத்தை நீட்டினார். கேட்டவர்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் வசந்தாமணி நான்கு என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஐந்து பேர் நின்றார்களே, நான் பார்த்தேன்" என்றார் அவர், ஆங்கிலத்தில். வசந்தாமணிக்காக மகிழத் தயாராக நின்றார்.

"நின்றார்கள்" என்றாள் வசந்தாமணி. "கேட்டவர்கள் நான்கு பேர்."

எண்ணைத் திருத்திக்கொள்ளச் சொல்லி அவர் பேனாவைத் திருப்பி நீட்டினார். வசந்தாமணி வாங்கவில்லை.