பரவிக்கொண்டிருந்த பெயர்

மெத்தைக் கம்பெனி முதலாளிக்கு மகன் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்து சேர்ந்தவர் மாப்பிள்ளை. வந்த கையோடு தொழில்நுட்ப இயக்குநர் என்று தனக்குத்தானே பதவி கொடுத்து, அறைக் கதவில் பலகையும் மாட்டிக்கொண்டார். பஞ்சு அடைக்கும் பகுதி ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'குளோபல்'. வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான்.

கம்பெனியின் இணையதளம் மெதுவாகத் திறக்கிறது என்று ஒரு விற்பனையாளர் சொல்லிவிட்டார். போதாதா? ஊருக்கு ஊர் சர்வர் வைத்து, பார்ப்பவருக்கு அருகிலிருந்தே தளத்தை எடுத்துக் கொடுக்கும் சிடிஎன் சேவை ஒன்றில் குளோபல் கணக்குத் தொடங்கினார். மெத்தை வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் கம்பெனி லாரி போய்விட்டு அன்றே திரும்பும் தூரத்தில்தான் இருந்தார்கள். அது வேறு விஷயம்.

அந்தச் சேவை கொடுத்த முகவரி, கீபோர்டில் பூனை நடந்த மாதிரி எழுத்தும் எண்ணுமாக நீண்டு கிடந்தது. கம்பெனியின் சொந்தப் பெயரை அடித்தாலே ஆள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்றால் இரண்டு வேலை பார்க்க வேண்டும். பெயரைப் பதிவு செய்த இடத்தில், இதைக் கேட்டு வருகிறவரை அந்த நீண்ட முகவரிக்கு அனுப்பு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சிடிஎன் பக்கம் போய், இந்தப் பெயர் எங்களுடையதுதான் என்று நிரூபித்து, பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். குளோபல் முதல் வேலையை முடித்தார். இரண்டாவது ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. உதவிப் பக்கம் நீளமாக இருந்ததாம்.

விற்பனையாளர்களைக் கூட்டி வைத்துத் திறப்பு விழா நடத்தினார். மாமனார் பட்டனைத் தட்டினார். 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று பெரிய திரை முழுக்கச் சிவப்பாக வந்தது.

"என்ன மாப்பிள்ளை, நம்ம கடைக்குள்ள நம்மளையே விட மாட்டேங்குது?"

"அது பரவணும் மாமா. உலகம் பூரா இருக்கிற சர்வருக்குத் தகவல் போய்ச் சேரணும்ல. குளோபலா பண்ணா அப்படித்தான்."

மாமனார் பெருமையோடு தலையாட்டினார். விற்பனையாளர்களும் ஆட்டினார்கள், அவர்களுக்குச் சாப்பாடு காத்திருந்தது.

வாரம் ஓடியது, தளம் திறக்கவில்லை. ஆர்டர் எல்லாம் போனில் வந்து, போன் எடுக்கும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிப்போனது. லாரி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டால், "பரவிட்டு இருக்கு சார்" என்று மெத்தை ஏற்றுகிறவர்கள் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள்.

குளோபலின் மனைவி அங்கேயே தரப் பரிசோதனையைக் கவனித்து வந்தாள். ஸ்பிரிங் உடையும் வரை அமுக்கிப் பார்ப்பது அவள் வேலை. அவள் அறைக்குள் வந்தபோது அவர் சுவரில் ஒட்ட உலக வரைபடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எதுவரைக்கும் பரவியிருக்கு?"

"கிண்டலா? இது நெட்வொர்க் சமாச்சாரம். உனக்குப் புரியாது."

"சரி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவருடைய மின்னஞ்சலைத் திறந்தாள். சிடிஎன்காரர்கள் அனுப்பிய கடிதங்கள் திறக்கப்படாமல் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே விஷயம்: பெயரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்த வரியைப் பதிவில் போடுங்கள், சான்றிதழ் தருகிறோம்.

"இதை ஏன் தொறக்கவே இல்ல?"

"விளம்பரம்னு நினைச்சேன்."

அவள் பெயரைச் சேர்த்தாள். வரியை அப்படியே ஒட்டினாள். அதற்குப் பெரிய மூளை எதுவும் தேவைப்படவில்லை, படிக்கத் தெரிந்தால் போதுமாயிருந்தது. மேஜை மேலிருந்த டீ ஆறுவதற்குள் சான்றிதழ் வந்தது. தளம் பளிச்சென்று திறந்தது.

குளோபல் எட்டிப் பார்த்தார். "பாத்தியா? பரவிடுச்சு."

அவள் அவரையே பார்த்தாள். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் இருப்பவர் கொஞ்சமாவது தேற வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் மாமனார், "பொறுமையா இருங்கன்னு மாப்பிள்ளை அன்னைக்கே சொன்னார்" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கைதட்டினார்கள். அந்தச் சூட்டோடு, அடுத்ததாகக் கம்பெனியின் மின்னஞ்சல் முழுவதையும் தானே மாற்றி அமைக்கப்போவதாகக் குளோபல் அறிவித்தார்.

கூட்டம் கலைவதற்குள் அவர் மனைவி எழுந்து போய் எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாள். புது பாஸ்வேர்டு என்ன என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் முதலில் வேலையைத் தொடங்கியாக வேண்டுமே.