எழுந்திருக்காதவர்களின் பலகை

பிளாஸ்டிக் வாளி செய்யும் அந்தத் தொழிற்சாலையில், காலை ஒன்பது மணிக்கே சூப்பர்வைசருக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. நான்காம் நம்பர் மெஷினிலிருந்து விழுந்த வாளிகள் எல்லாம் வாய் கோணிக்கொண்டு விழுந்தன. அச்சுக்குள் ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகவேண்டிய குளிர்ந்த தண்ணீர் சரியாக ஓடவில்லை. மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி ஓடினாத்தானேப்பா சூடு வெளிய போகும்? ஓட்டம் குறைஞ்சா சூடு உள்ளேயே நின்னு அச்சே போயிடும். இதக்கூட தினம் நான்தான் சொல்லணுமா?"

"பம்ப்ல அடைப்பு சார். அரை மணி நேரம் மெஷினை நிறுத்தினா சரி பண்ணிடலாம்."

"நிறுத்தித் தொலை. மெஷின் போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

மெஷினுக்கு அரை மணி ஓய்வு கொடுத்த இதே மனிதர்தான் வாசலில் ஒரு பலகையையும் மாட்டியிருந்தார். ஷிப்டு முழுவதும் ஒருமுறைகூட இருக்கையை விட்டு எழாத பெண்களின் பெயருக்கு எதிரே தினம் ஒரு பச்சை நட்சத்திரம். கழிப்பறைக்கு எழுந்து போனவர்களுக்குக்கூட வெறும் கட்டம். வெறும் கட்டத்தைக் கண்டால், "என்னம்மா, நேத்து ஊர்வலமா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்பார். அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ள எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? எழாமல் இருக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான். வீட்டிலிருந்து நிரம்பி வந்த பாட்டில்கள் நிரம்பியபடியே வீடு திரும்பின.

தொழிற்சாலையின் நர்சம்மா, இது உடம்புக்கு ஆகாது என்று அவரிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். "நீங்க மருந்தைப் பாருங்க, நான் மெஷினைப் பாக்குறேன்" என்று பதில் வந்தது.

பலகையில் முதலிடம் யாருக்கு என்றால், சூப்பர்வைசரின் சொந்தத் தங்கைக்கு. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள். அண்ணன் தயவில் சலுகை வாங்குகிறாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது என்பதற்காகவே இருபத்திரண்டு நட்சத்திரம் சேர்த்திருந்தாள்.

அன்று வெளியே அனல் அடித்தது. உள்ளே அதைவிட மோசம். இரண்டு மணி வாக்கில் தங்கை வாளிகளைத் தாறுமாறாக அடுக்க ஆரம்பித்தாள். ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய பக்கத்து மெஷின்காரி கவனித்துவிட்டாள்.

"ஏன்டி, இதை எதுக்கு இங்க வைக்கிற?"

"அம்மா கூப்பிடுறாங்க" என்றாள் தங்கை. அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அடுத்த நிமிஷம் அப்படியே சரிந்துவிட்டாள்.

நர்சம்மாவின் அறைக்குத் தூக்கி வந்தார்கள். தொட்டால் கை சுட்டது. தோலில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஓடிவந்த சூப்பர்வைசர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயருகே கொண்டுபோனார். நர்சம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"மயக்கத்துல இருக்கிறவ வாயில ஊத்தாதீங்க, புரையேறிடும். ஆம்புலன்ஸ் வருது. அதுவரைக்கும் துணிய நனைச்சு அக்குள்லயும் கழுத்துலயும் வைங்க. ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்க."

"என்ன நர்சம்மா இது, காய்ச்சலா?" என்று கேட்டார் அவர்.

"காய்ச்சல் இல்ல. காலைல ஊருக்கே கேக்குற மாதிரி மெக்கானிக்குக்குப் பாடம் எடுத்தீங்களே, அதேதான்." நர்சம்மாவின் கைகள் வேலையை நிறுத்தவில்லை. "உடம்புக்குள்ள இருக்கிற சூட்டை வெளிய கொண்டுவர்றது ரத்தம். சூடு ஏறினா தோலுக்குக் கீழ இருக்கிற ரத்தக்குழாய் எல்லாம் விரியும். ரத்தம் அங்க வந்து சூட்டை இறக்கிட்டுப் போகும். வேர்வை காய்ஞ்சு தோலைக் குளிர வைக்கும். அந்த வேர்வைக்கு வேண்டிய தண்ணியும் ரத்தத்துலேருந்துதான் வரணும். குடிக்கவே விடலன்னா ரத்தம் சுண்டிப்போகும். இருக்கிறத மூளைக்கும் இதயத்துக்கும் வச்சுக்கிட்டு, தோலுக்கு அனுப்புறத உடம்பு குறைச்சிடும். அப்புறம் சூடு எந்த வழியா வெளிய போகும்? உங்க பலகை வழியாவா?"

சூப்பர்வைசர் துணியை நனைத்து நனைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இவளும் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

பொழுது சாயும் நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கை கண் திறந்து, அடையாளம் கண்டு "அண்ணா" என்று கூப்பிட்டாள். சிறுநீரகத்தை இரண்டு நாள் கண்காணிக்க வேண்டும், உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் காலை, சூப்பர்வைசர் முதல் வேலையாகப் பலகையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். பிறகு மெஷின்களுக்கு நடுவே வந்து நின்றார்.

"இனிமே எல்லாரும் அப்பப்ப தண்ணி குடிக்கணும். இப்பவே குடிங்க."

பாட்டில்கள் திறந்தன. உதடு நனைந்தது. பாட்டில்கள் மூடின.

"இதென்ன, மருந்தா குடிக்கிறீங்க? நல்லா குடிங்கன்னுதானே சொல்றேன்." பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. "இன்னும் என்ன தயக்கம்?"

ரேடியோதான் எழுந்தாள். "சார், குடிக்கச் சொல்லிட்டீங்க. குடிச்சா எழுந்து போகணும். அதுக்கு நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

அவருக்குச் சுருக்கென்றது.

"போங்க. யாரையும் கேக்க வேண்டாம். நான் கணக்குப் பாக்க மாட்டேன், கிண்டலும் பண்ண மாட்டேன். மெஷின் சூடானா நிறுத்தத் தெரிஞ்ச எனக்கு, மனுஷங்க சூடாகுறது கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. தாகத்தை அடக்க வச்சு வாங்குற வேலை, உடம்புலேருந்து திருடுற வேலைங்க. என் தங்கச்சி விழுந்தப்புறம்தான் எனக்கு இது புரிஞ்சுது. அதுக்கு நான் வெக்கப்படுறேன்."

ரேடியோ பாட்டிலை எடுத்து, எல்லாரும் பார்க்கப் பாதியைக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் கழிப்பறைப் பக்கம் நடந்தாள். இன்னும் நான்கு பேர் எழுந்து பின்னால் போனார்கள்.

அவள் மெஷினில் வாளிகள் விழுந்துகொண்டிருந்தன. எடுத்து அடுக்க ஆள் வேண்டுமே. சூப்பர்வைசர் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தார்.