ஆறாம் நோட்டுக்கு ஒரு பரிந்துரை

மார்கழி பிறந்துவிட்டால் பென்னலூர் பெண்கள் விடுதியில் கதை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஏழரை மணி டிவி நாடகத்தின் நாயகி நிலாமதிக்கு, நாடகக்காரர்கள் தராத வாழ்க்கையை எல்லாம் இவர்கள் தருவார்கள். மொத்தம் இருபத்திரண்டு பேர், எல்லாரும் தென்மாவட்டத்துப் பெண்கள். செல்போன் தொழிற்சாலையில் வேலை.

முறை எளிது. ஒவ்வொருத்தியும் தனக்கு எப்படிப்பட்ட கதை வேண்டும் என்று ஒரு சீட்டில் பெயரோடு எழுதித் தூக்குவாளியில் போடுவாள். பிறகு ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் பெயர் உள்ளவளுக்காக நாற்பது பக்க நோட்டில் எழுத வேண்டும். எழுதியது யார் என்பது போகியன்றுதான் வெளியே வரும். அதுவரை நோட்டுக்கு எண் மட்டும்தான். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடாமல் இருக்க எல்லாரும் அச்செழுத்துப் போல எழுதுவார்கள். பெயர் தெரியாது என்ற தைரியத்தில்தான் வாயே திறக்காத பெண்களும் எழுதினார்கள். அந்த மறைப்பு போய்விட்டால் பரிமாற்றமே இல்லை.

முத்துச்செல்விக்கு இதில் தனிப் பதவி. எல்லா நோட்டுகளையும் படித்து, ‘கட்டாயம் படிங்க’ என்று சார்ட் அட்டையில் எழுதிச் சாப்பாட்டு அறையில் ஒட்டுவாள். நன்றாயிருக்கிறது என்று மட்டும் எழுதி முடிக்க அவளால் முடியாது. பழுதான போனைப் பிரித்து எந்தச் சில்லு கெட்டது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. கதையையும் அப்படித்தான் பிரிப்பாள்.

‘மூன்றாம் நோட்டு: மாமியாரும் மருமகளும் ஒரு வார்த்தைகூடச் சண்டை போடவில்லை. கரண்ட் போன வீட்டில் விசிறி யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பதினோராம் நோட்டு: பேய்க்கதை. பேய் கடைசிவரை யாரையும் பயமுறுத்துவதில்லை, அதுதான் பயம்.’

ஆறாம் நோட்டு அவளுக்கென்றே எழுதப்பட்டது. ‘நிலாமதி வேலைக்குப் போக வேண்டும், வேலை நிஜமாக இருக்க வேண்டும்’ என்று அவள் சீட்டில் கேட்டிருந்தாள். படித்தவுடன் பட்டியலில் அதை முதலிடத்துக்கு ஏற்றினாள்.

‘சில்லுகளை ஒட்டுகிற சால்டர் பேஸ்ட் டப்பாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் நாலு மணி நேரம் வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகுதான் திறக்க வேண்டும். அதனால் நிலாமதி மற்றவர்களுக்கு முன்பே தனியாக அந்த அறைக்குப் போக வேண்டியிருக்கிறது. மொத்தக் கதையும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. கெட்டவனுக்கு முகமே இல்லை. அவன் வருமுன் கிராம்பு வாசம் வருகிறது, அவ்வளவுதான். அந்த வேலை தெரிந்தவரால் மட்டுமே இப்படி எழுத முடியும்!’

வார லீவன்று மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லாரும் அட்டையின் முன் கூடினார்கள்.

“ஏட்டி, கிராம்புன்னா நம்ம சூப்பர்வைசர் கோதண்டம்லா? நாள் பூரா மென்னுகிட்டே இருப்பாரே!” என்றாள் மதிவதனி.

“அப்ப பேஸ்ட் ரூம்னா...” என்று ஆரம்பித்த இன்னொருத்தி சிரிப்போடு திரும்பினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பேஸ்ட் அறையில் வேலை பார்ப்பது ஒருத்திதான், சந்திரலேகா. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

முத்துச்செல்வி அட்டையைக் கிழிக்க ஓடினாள். வார்டன் தாயாரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கிழிக்காதேம்மே. கம்பெனி விசயம் கீது இதுல. ஆபீசுக்குச் சொல்லலன்னா என் வேலை பூடும்.” அட்டையும் ஆறாம் நோட்டும் அன்றே போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலை நிர்வாக அதிகாரி இராமச்சந்திரன் முத்துச்செல்வியைக் கூப்பிட்டார்.

“வேலை தெரிஞ்சவங்கதான் எழுத முடியும்னு நீதானேம்மா போட்டிருக்க? அப்போ இது நடந்ததா?”

நடந்தது என்றால் சந்திரலேகா மாட்டிக்கொள்வாள், ஊர்வரை பேச்சுப் போகும். கதை என்றால் இத்தோடு முடிந்துவிடும். முத்துச்செல்வி போட்ட கணக்கு அதுதான்.

“கதை சார். டிவி நாடகத்த வச்சு சும்மா எழுதுதோம். முழுக்கக் கற்பனை.”

“அதையே எழுதிக் குடு.”

அவளுக்கு அரைகுறையாக எழுத வராது. ஒரு வாசத்தை வைத்து ஆளை உருவாக்குவது எப்படி, வேலை விவரத்தைச் சேர்த்தால் பொய் எப்படி நிஜம் போல ஆகிவிடும் என்று ஒரு பக்கம் முழுக்க விளக்கிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டை எழுதியவளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு வேலைக்குத் திரும்பினாள்.

நாலு மணிக்கு விடுதிக்கு வந்தபோது சந்திரலேகா துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி இது?”

“என்னையும் கூப்பிட்டாங்கக்கா. பேருதான் தெரிஞ்சிட்டே, இனி என்னன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தாளு செஞ்சது அம்புட்டும் நெசம்னேன். உங்க லெட்டர எடுத்து முன்னால வச்சாங்க. பொய்ப் புகார் குடுத்திருக்க, நாளையிலருந்து வராதன்னுட்டாங்க.”

“உன்னைக் காப்பாத்தத்தாம்ட்டி அப்படி எழுதினேன்...”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?” சந்திரலேகா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு வந்தது வேற சீட்டு. கெஞ்சி மாத்தி உங்க சீட்ட வாங்கினேன். நீங்கதான் ஒரு எழுத்து விடாம படிப்பீங்க. படிச்சிட்டு, இது யாருன்னு தேடி வருவீங்கன்னு நெனச்சேன்.”

“வந்திருந்தா?”

“அந்த ரூமுக்கு ஒரு நாள் எங்கூட வாங்கக்கான்னு கேட்டிருப்பேன்.”

முத்துச்செல்வி ஒரு தாளை எடுத்து, ‘நான் முன்பு எழுதியது பொய், சந்திரலேகா சொல்வது உண்மை’ என்று இரண்டே வரி எழுதிக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸில் ஏறித் திரும்ப ஆபீசுக்குப் போனாள்.

இராமச்சந்திரன் அதைப் படித்தார். “காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எதைம்மா நம்பறது? உன் முதல் லெட்டர்தான் தெளிவா இருக்கு.” தாளை அவள் பக்கமே தள்ளினார். அவள் அதை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வாசல் பலகையில் பொங்கலுக்குப் பிறகான வேலைப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். பேஸ்ட் அறைக்கு நேரே சந்திரலேகாவின் பெயர் அடிக்கப்பட்டு, போன மாதம் சேர்ந்த கோமதியம்மாளின் பெயர் எழுதப்பட்டிருந்தது. சூப்பர்வைசர் என்ற இடத்தில் கோதண்டம் பெயர் அப்படியே இருந்தது.

முத்துச்செல்வி விடுதிக்கு வந்தாள். சந்திரலேகாவின் கட்டில் காலியாக இருந்தது. கோமதியம்மாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமலே படியேறினாள்.