கிரில் விளக்கு எரிந்த வேளை

கொரியர்காரர் வாசலில் நின்று பேச்சிமுத்துவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, பேச்சிமுத்துவுக்குக் கருமாதி முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

நாகஜோதி வெளியே வந்தாள். "அவரு இல்லண்ணே. நான் அவரு சம்சாரம்."

"நீங்க வாங்கிக்கிட்டாலும் சரிதான். காசெல்லாம் முன்னாடியே கட்டிட்டாரு. அவரு போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அத மட்டும் சொல்லுங்க."

அவள் விஷயத்தைச் சொன்னாள். கொரியர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மெதுவாப் பாத்துச் சொல்லுங்க தாயி. நான் நிக்கிறேன்" என்றார்.

பேச்சிமுத்துவின் போன் பீரோவுக்குள் அணைந்து கிடந்தது. நாகஜோதி அதைச் சார்ஜில் போட்டாள். திரை வெளிச்சமாகும்வரை கொரியர்காரர் வெயிலிலேயே நின்றார். 'பேச்சிமுத்து, உங்கள் பொருள் இன்று உங்களிடம் வந்து சேரும்' என்றிருந்தது செய்தி. அதை வாய்விட்டுப் படிக்க நாகஜோதிக்குத் துணிவு வரவில்லை. எண்ணை மட்டும் சொன்னாள்.

பெட்டிக்குள் மூன்று சின்ன விளக்குகள் இருந்தன. பிக்கப் வண்டியின் முகத்தில், கிரில்லுக்குள் வரிசையாக மாட்டுகிற மஞ்சள் விளக்குகள். கூடவே கம்பிச் சுருள், ஒரு ஸ்விட்ச், படம் போட்ட ஒரு தாள். இதைப் பற்றி அவன் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அழகுக்குத்தான் வாங்கியிருப்பான். வண்டிக்காரனுக்கு வண்டியின் முகம் பிள்ளையின் முகம் மாதிரி.

எழுமலைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பறிக்கிற மல்லிகையை ஏற்றி, மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இறக்குவது பேச்சிமுத்துவின் தொழில். அங்கேதான் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அவனோடு கூடப் போய் வந்த நாட்களில், திரும்பி வரும்போது அவன் தூங்க, நாகஜோதிதான் ஓட்டுவாள். ஆகையால் கருமாதி முடிந்ததும் அவளே சாவியை எடுத்தாள். ஊர் கொஞ்சம் முணுமுணுத்தது; பூ வாடுமே என்று பிறகு பேசாமல் ஏற்றிவிட்டது.

வீட்டில் இருந்த கவலை வேறு. பேச்சிமுத்துவின் தாய் முத்துத்தாய் சாப்பாட்டை விட்டிருந்தாள். தட்டை வைத்தால் ஒரு வாய் அள்ளிப் பார்ப்பாள், அப்படியே கை கழுவிவிடுவாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. நாகஜோதி குலசாமிக்கு நேர்ந்து பார்த்தாள். உசிலம்பட்டி டாக்டரிடமும் காட்டினாள். "மனசு வச்சுத் தின்னணும்மா" என்று மட்டும் அவர் சொன்னார்.

விளக்கைப் பார்த்ததும் முத்துத்தாய் பல நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "ஏத்தா, என் மகன் ஆசப்பட்டு வாங்கினது. நீயே மாட்டு. வேற ஆளு கை படக்கூடாது."

அடுத்த நாள் மத்தியானம் நாகஜோதி பானட்டைத் திறந்து வேலையைத் தொடங்கினாள். கொழுந்தன் விருமாண்டி புங்கமரத்தில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான்.

"மதினி, கடையில விட்டா அரை மணி நேர வேல. நீங்க மாட்டி, வண்டி பத்திக்கிட்டுப் போகப்போவுது."

"பத்துனா அணைக்கத்தான் நீ நிக்கிறியே."

"நான் ஓடுறதுக்கு நிக்கிறேன்."

மேலே இருந்த திருகுகளைக் கழற்றி, கீழே கவ்வியிருந்த பிளாஸ்டிக் பற்களை நெம்பினாள். ஒன்று உடைந்தது. கிரில் கையோடு வந்தது. உள்ளே தும்பிகளும் வேப்பம்பூவும் வைக்கோல் துணுக்கும் அப்பிக்கிடந்தன. அவன் ஓட்டிய சாலைகள் எல்லாம் அங்கே ஒட்டிக் காய்ந்திருந்தன. துடைக்க மனம் வராமல், துணியை நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள்.

படத்தில் காட்டியபடி பேட்டரியிலிருந்து ஒரு கம்பியை உள்ளே ஸ்விட்சுக்குக் கொண்டுபோனாள். ஸ்விட்சிலிருந்து விளக்குகளுக்கு இன்னொரு கம்பி. கறுப்புக் கம்பியை வண்டியின் இரும்பில் முடுக்கினாள். ஸ்விட்சைப் போட்டதும் மூன்றும் எரிந்தன. விருமாண்டி கை தட்டினான். "கட்சிக்காரன் வண்டி கெட்டது போங்க!" முத்துத்தாய் சூடம் காட்டினாள். நாகஜோதி விளக்கை அணைத்துச் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில், வாசலில் யாரும் இல்லாதபோது, கிரில்லில் மூன்று விளக்குகளும் தாமாக எரிந்தன.

முதலில் கண்டது முத்துத்தாய்தான். அவள் அலறவில்லை. தெருவில் இறங்கி, வண்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மஞ்சள் வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது. "வந்துட்டியாப்பா" என்றாள்.

நாகஜோதி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பானட்டின்மேல் கை வைத்தாள். விளக்குகள் அணைந்தன.

"பாத்தியா, நீ தொட்டதும் அடங்கிட்டான்" என்றாள் முத்துத்தாய். "சோத்தக் கொண்டா, பசிக்குது."

அந்த இரவு அவள் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அநேகமாக ஒவ்வொரு அந்தியிலும் அது நடந்தது. முத்துத்தாய் தட்டோடு வண்டி முன்னால் போய் உட்காருவாள். விளக்கு எரியத் தொடங்கும்வரை வாயில் ஒரு பருக்கை போகாது. எரிந்ததும் மகனிடம் அன்றைய கதையைச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். தெருநாய் ஒன்று தள்ளி உட்கார்ந்து பார்க்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் தாய்மார் கதவைச் சாத்தினார்கள். நாகஜோதி பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். மாமியார் முடித்ததும் பானட்டில் கை வைப்பாள். கை வைக்கிற அந்த நொடியில், உள்ளேயிருந்து யாரோ தன் உள்ளங்கையைத் தொடுவதுபோல அவளுக்கு இருக்கும்.

"மதினி, கோடாங்கியக் கூப்பிட்டுக் குறி கேட்போம். அண்ணே வண்டிய விட்டுப் போகமாட்டேங்கிறாரு" என்றான் விருமாண்டி.

"உங்க அண்ணே உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் பொழுதோட வீட்டுக்கு வந்திருக்காரா? இப்ப மட்டும் டாண்ணு வாராராக்கும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உள்ளே போய் அழுதாள்.

ஒரு மத்தியானம் தண்ணீர் ஊற்ற பானட்டைத் திறந்தவள் அதைக் கண்டாள். விளக்குக்குப் போகும் கம்பியை அன்று ஓரிடத்தில் தவறுதலாக உரித்துவிட்டு, டேப்பைச் சுற்றியிருந்தாள். இஞ்சின் சூட்டில் பசை இளகி டேப் வழுக்கியிருந்தது. அரிசி அளவுக்குச் செம்பு வெளியே தெரிந்தது. பக்கத்தில் பேட்டரியின் முனையில் கருகிய ஒரு புள்ளி. கம்பியைப் பேட்டரிக்குப் பக்கத்துத் தகட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். வெயிலில் தகடு விரிந்திருக்கும்வரை கம்பி விலகி நின்றது. அந்தியில் குளிர்ந்து சுருங்கும்போது முனையைத் தொட்டது. மேலே பானட்டில் கை வைத்து அழுத்தினால் தகடு அசைந்து, கம்பி மறுபடி விலகியது.

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

டேப் சுருள் வண்டிக்குள்ளேயே கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பானட்டைச் சத்தமில்லாமல் மூடினாள். அன்று அந்தியில் விளக்கு எரிந்தபோது, காரணம் தெரிந்தும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முத்துத்தாய் மகனோடு பேசிப் பேசி உண்டாள். அந்தக் கழுத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. இதை எப்படி அணைப்பது?

ஆவணி முகூர்த்த நாள் வந்தது. மார்க்கெட்டில் மல்லிகைக்கு நல்ல விலை போகிற நாள். வெள்ளி முளைக்குமுன் சாவியைத் திருப்பினாள். வண்டி முனகக்கூட இல்லை. இரவு கதவை அடைத்த பிறகு விளக்குகள் மறுபடி எரிந்து, பழைய பேட்டரியைக் குடித்திருந்தன. அவள் தோட்டத்துக்குப் போய்ச் சேராததால், பூப்பறிக்கிற சின்னத்தாய் நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். "தள்ளுங்கடி" என்று முந்தானையைச் செருகினாள். தெருக்கோடிவரை தள்ளிய பிறகே வண்டி கிளம்பியது. தோட்டத்துக்குப் போய் ஏற்றி, மாட்டுத்தாவணி சேர்வதற்குள் மொட்டெல்லாம் மூட்டைக்குள் வாய் திறந்துவிட்டது. பாதி விலைக்குத்தான் போனது. தோட்டக்காரர் மொக்கைச்சாமி பறிப்புக் கூலியைக் குறைத்தார்.

"தப்பா நெனைக்காத தாயி" என்றார் மொக்கைச்சாமி. "பேய் வண்டின்னு ஏற்கெனவே பேசுறாங்க. நான் காதுல போட்டுக்கல. ஆனா இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா வேற வண்டிதான் பாக்கணும்."

"சரி மாமா."

இருட்டில் பனியில் குனிந்து பறித்த கைகளுக்கு அன்று பாதிக் கூலி. அவர்களில் ஒருத்தியும் நாகஜோதியை ஏசவில்லை. சின்னத்தாய் மட்டும் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டே, வெள்ளந்தியாகக் கேட்டாள்: "அண்ணே வந்துதான் நிக்கிறாருன்னா, நாங்க பறிச்ச பூவு வாடுறது அவருக்குத் தெரியாமலா இருக்கும் ஜோதி?"

நாகஜோதி குலசாமியிடம் எத்தனையோ நாள் வழி கேட்டிருந்தாள். சாமி பதிலைச் சின்னத்தாயின் வாயில் வைத்திருந்தது. ஒருவருடைய துக்கம் அவருக்கே உரியது. அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அது அடுத்தவர் கூடையில் கை வைக்கும்போது பொறுத்துக்கொள்ளத் தெய்வத்துக்கும் மனம் வராது.

அன்று பொழுது சாய்கிறபோது அவள் முத்துத்தாயின் கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிப் போனாள். பானட்டைத் திறந்தாள். டார்ச்சை அடித்துக் காட்டினாள்.

"அத்தே, இங்க பாருங்க. நான் கம்பியத் தப்பா உரிச்சுப்புட்டேன். இது அதுல படுது, அதான் எரியுது. அவரு வரல அத்தே. எனக்கு முன்னாடியே தெரியும். நீங்க சாப்பிடுறீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன்."

முத்துத்தாய் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கம்பி மெல்ல இறங்கி முனையைத் தொட்டது. சின்னதாக ஒரு பொறி. கிரில்லின் விளக்குகள் எரிந்தன. இரண்டு பேருமே ஒரு அடி பின்வாங்கினார்கள். வெளிச்சம் தரையில், முத்துத்தாய் தினமும் உட்காருகிற இடத்தில், காலியாக விழுந்து கிடந்தது. காற்றே இல்லை. நாய் எழுந்து நின்றது.

நாகஜோதி கம்பியை விலக்கினாள். வெளிச்சம் போயிற்று. டேப்பைக் கிழித்தாள். கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அதக் குடு" என்றாள் முத்துத்தாய்.

"நான் ஒட்டிருவேன் அத்தே."

"குடுன்னா குடு. நீ ஒட்டுனா, பின்னால ஒரு நாளு நீதான் அவன அனுப்பி வச்சன்னு உன் மனசு சொல்லும். சின்னப் பிள்ள, நீ இன்னும் எம்புட்டு நாளு இருக்கணும். பெத்தவ நான் இருக்கேன்ல, நான் ஒட்டுறேன்."

டார்ச்சை நாகஜோதி பிடித்துக்கொண்டாள். முத்துத்தாய் செம்பு தெரிந்த இடத்தை விரலால் தடவினாள், குழந்தையின் காயத்தைத் தொடுவதுபோல. பிறகு டேப்பை இறுக்கிச் சுற்றினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பசை பிடிக்கும்வரை உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள். பானட்டை மூடியதும் தெரு இருண்டது.

இருவரும் வண்டி முன்னால் உட்கார்ந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் வந்தது, போனது. எதுவும் எரியவில்லை. குளிர்கிற தகடு மட்டும் உள்ளே எங்கோ 'டிக்' என்றது. பிறகு அதுவும் ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்து, ஒரு முகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

நாகஜோதி உள்ளே போய்த் தட்டைக் கொண்டு வந்து மாமியார் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். முத்துத்தாய் சோற்றைப் பார்த்தாள். இருட்டில் நின்ற வண்டியைப் பார்த்தாள். பிசைந்தாள். ஒரு வாய் வைத்து மென்றாள்.

"குழம்புல உப்பே இல்ல" என்றாள்.

"தெனமும் இதே உப்புத்தான் அத்தே போடுறேன். இம்புட்டு நாளும் சொல்லலயே?"

"இம்புட்டு நாளும் எனக்கு ருசி எங்க தெரிஞ்சுச்சு? போ, போயி உப்பு எடுத்துட்டு வா. வரும்போது உனக்கும் ஒரு தட்டு எடுத்துக்க."