முன்னூறு லிட்டர்

மார்ச் மாதத்தில் ஃபுந்தோயாவுக்குள் வந்த எந்த வண்டியும் சுத்தமாகத் திரும்பிப் போனதில்லை. மேட்டிலிருந்து ஊருக்கு இறங்கும் ஐந்து கிலோமீட்டரும் களிமண். தேர்தலுக்குத் தேர்தல் தார் போடுவதாகச் சொல்வார்கள். மழைக்கு மழை குன்று கொஞ்சம் சரிந்து, கிடந்த ஜல்லியையும் வாரிக்கொண்டு புரூட் ஆற்றுப் பக்கம் போய்விடும். வாஸ்லுய் மாவட்டத்து அதிகாரிகள் யாரும் இந்தப் பக்கம் காலை நனைத்ததாக ஊருக்கு ஞாபகம் இல்லை. இந்தச் சேற்றில் துணிந்து இறங்குகிற ஒரே பெரிய வண்டி பால் வண்டிதான். ஒன்றுவிட்டு ஒருநாள் வரும். அதுவும் தொட்டியில் முன்னூறு லிட்டர் இருந்தால்தான் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

அந்த முன்னூறைத் தவிர ஸ்மராந்தாவுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போய்ச் சில வாரங்கள் ஆகின்றன. ஐம்பத்து நான்கு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். பழைய கூட்டுறவுக் கடையின் பின்னறையில் குளிர்தொட்டியை வைத்துக்கொண்டு ஊர்ப் பாலை வாங்கி ஊற்றுவது அவள் வேலை. பதின்மூன்று வருடமாக ஒரு லிட்டரைக் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வேறு எதில்தான் கர்வப்படுவது?

ஒரு காலத்தில் அறுபது மாடு இருந்த ஊரில் இப்போது பதினொரு வீட்டில் பதின்மூன்று மாடு. நிலமெல்லாம் குத்தகைக்காரன் கையில். அவன் டிராக்டர் வந்து சூரியகாந்தியை விதைத்துவிட்டுப் போகும், மூன்று பேர் வேலையோடு சரி. மற்றவர்கள் இத்தாலியில் கிழவர்களைக் குளிப்பாட்டினார்கள், ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறித்தார்கள். அவர்கள் அனுப்பிய காசில் எழும்பிய மாடி வீடுகளில் ஈஸ்டருக்கும் ஆகஸ்டுக்கும் மட்டும் ஜன்னல் திறந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டுகிற நெகுலாய் எல்லார் காதிலும் விழும்படியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"குறையறதை இவ்வளவு நாள் ஆபீஸ் பொறுத்துக்கிச்சு. இன்னொரு தடவை குறைஞ்சா வண்டி மேட்டோட திரும்பிக்கும். நான் சொல்லல, ஆபீஸ்ல சொல்றாங்க."

வண்டி நின்றால் பாலை என்ன செய்வது? குடிக்கவா முடியும்? அதுவும் ஈஸ்டர் நோன்பு நாள், ஒரு வீட்டிலும் பாலைத் தொடமாட்டார்கள். கறப்பது அத்தனையும் தொட்டிக்கே வந்தும் முன்னூறு நிறையவில்லை. வண்டி நின்றால் மாடு போகும். மாடு போனால் ஸ்மராந்தாவும் போக வேண்டியதுதான், இத்தாலிக்கு, தொரினோவுக்கு. மகள் இலின்கா அங்கே ஒரு பக்கவாதக்காரியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தாய்க்காகவே பிடித்து வைத்திருந்தாள். "எப்பம்மா வர்றே?" என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் கேட்கும் முதல் கேள்வி. ஸ்மராந்தாவுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. யாரோ ஒருத்தியின் வீட்டில், யாரோ ஒருத்தியின் உடம்பைத் துடைத்துக்கொண்டு சாக அவளுக்கு இஷ்டமில்லை.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக விசாரியோன் வந்தார். பத்து நாளைக்கு முன்பு தன் இரண்டு மாட்டில் ஒன்றை விற்ற புண்ணியவான்.

"என்ன தங்கச்சி, மூஞ்சி இன்னைக்கும் தயிராவே இருக்கு?"

"நீங்க மாட்டை வித்தா எனக்குச் சிரிப்பா வரும்?"

"இன்னொண்ணு இருக்குல்ல? அந்தக் கிழவி இல்லேன்னா வண்டி வராது, ஊர் எனக்குத் திவசம் பண்ணிரும்னுதான் வச்சுருக்கேன். இல்லேன்னா எனக்கென்ன தலையெழுத்து? மக ஸ்பெயினுக்கு வா வான்னு உசிரை எடுக்கறா. எந்திரிக்கும்போது என் முட்டி கதறுற கதறல் உனக்குக் கேக்குதா?"

"கேக்குது. ஊத்துங்க."

கடைசியாக அக்லாயா வந்தாள். ஸ்மராந்தாவின் கல்யாணத்தில் மெழுகுவத்தி பிடித்து நின்ற ஞானத்தாய். அந்த உறவுக்கு அங்கே நாஷா என்று பெயர். பெற்றவளை எதிர்த்துப் பேசினாலும் நாஷாவை எதிர்த்துப் பேசக்கூடாது. எழுபத்தாறு வயது, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வியாழக்கிழமை பிறந்ததால் ஜொயானா என்று பெயர் வைத்த ஒரே ஒரு மாடு.

"ஒம்போது லிட்டர், மகளே. எப்பவும்போல."

ஸ்மராந்தா பாலைக் குழாயில் ஊற்றி லாக்டோமீட்டரை விட்டாள். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டாள். மறுபடியும் இறங்கியது. இதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர்.

நிமிர்ந்தாள். அக்லாயா சுவரில் தொங்கிய காலண்டரைக் கருத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடத்துக் காலண்டர்.

'நாஷா, பால்ல தண்ணி' என்று சொல்ல மூன்று வார்த்தைதான். வாய் வரவில்லை. காசுக்காகச் செய்கிறவள் அல்ல அந்தக் கிழவி. இந்த ஊரில் வேலிக்கு வெளியே விழுந்த ஆப்பிளைக்கூடப் பொறுக்கிக் கொண்டுபோய் உரியவர் வாசலில் வைப்பவள். பிறகு எதற்காக என்பதும் ஸ்மராந்தாவுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அத்தோடு இன்னொன்றும் தெரிந்தது: இந்த ஒன்பதைக் கொட்டினால் முன்னூறு கனவு.

தொட்டியில் ஊற்றினாள். "சரி நாஷா," என்றாள். அன்று முழுவதும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கு எல்லாரும் ஊற்றிவிட்டுப் போன பிறகு அளவுக்கோலை விட்டுப் பார்த்தாள். இருநூற்றுத் தொண்ணூற்றாறு. அக்லாயாவின் இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்து.

நாலு லிட்டர். பதின்மூன்று மாடும் தின்று, பதினொரு வீடும் கறந்து, கடைசியில் நாலு லிட்டரில் ஊர் போவதா? கோலைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள், கோல் இரக்கப்பட்டுவிடும் என்பதுபோல. அதே தொண்ணூற்றாறு. வெளியே கிணறு, பத்தடி தூரம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? வாளியை எடுத்துக்கொண்டு நடந்தபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை, அலுப்பாக இருந்தது. வாளியில் நாலு லிட்டரை அளந்து ஊற்றினாள். அதிலும் துல்லியம். கலக்கியின் பொத்தானை அமுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

ஒன்பதே காலுக்கு நெகுலாய் வந்தான். நாற்பது வயது, பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிறவன். கோலைப் பார்த்தான். "அட, முன்னூறு!" என்றான். பிறகு வழக்கம்போல லாக்டோமீட்டரை விட்டான். சிரிப்பு நின்றது.

"அக்கா, என்ன இது?"

"என்ன?"

"நீ சொல்லு. பதிமூணு வருசமா இதையே பாத்துட்டிருக்கவ நீதானே?"

அவன் தொட்டி விளிம்பில் சாய்ந்துகொண்டு தொப்பியைக் கழற்றினான்.

"எவ்வளவு?"

"எல்லாம் சேத்துப் பத்து லிட்டர். முன்னூறு ஆகணும்னு நீதானே சொன்னே?"

"நான் சொன்னேன்..." அவன் முகத்தைக் கையால் வழித்துக்கொண்டான். "அக்கா, நவம்பர்லேர்ந்து இந்த ஊர்ல முன்னூறு வந்ததே இல்ல, அது உனக்கே தெரியும். இருநூத்தி எழுபது, எண்பது. ஆபீஸ் பொறுத்துக்கிச்சுன்னா நம்பினே? நான் என்ன எழுதினேன்னு நெனைக்கறே? முன்னூறு. மேட்டுக்கு மேல இருக்கற ஊர்க்காரங்க பால் நிறையக் குடுக்கறாங்க, அதுலேர்ந்து எடுத்து உங்க கணக்குல சேத்துட்டிருந்தேன். அவங்களுக்கும் தெரியும். உங்க காசை நீங்க ஊத்துனதுக்குத்தான் போட்டேன், ஆபீசுக்கு மட்டும் முன்னூறு."

"அப்புறம் எதுக்குடா ஞாயித்துக்கிழமை அப்படிப் பயமுறுத்தினே?"

"விசாரியோன் ஒரு மாட்டை வித்துட்டாரு. பயமுறுத்தலேன்னா இன்னொண்ணையும் வித்திருப்பாரா மாட்டாரா? அதுக்குத்தான் சொன்னேன். குறைஞ்ச பாலை நான் நிரப்பிருவேன் அக்கா. தண்ணியை என்ன பண்றது? ஒவ்வொரு ஊர்ப் பால்லயும் ஒரு பாட்டில் எடுத்து லேபுக்குப் போகுது. அங்க ஒரு சொட்டுத் தண்ணி தெரியும். தெரிஞ்சா நீ போனே, நான் போனேன், வண்டி போச்சு."

கறந்த பால் மடிக்குத் திரும்பாது. ஊற்றிய தண்ணீரும் அப்படித்தான். ஸ்மராந்தாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பதின்மூன்று வருடம் கோல் காட்டியதைச் சொன்னவள், கோல் காட்டியதை இன்றும் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. குறையை யாரோ சத்தமில்லாமல் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள். அவள் தண்ணீர் வாளியோடு போய் அதைக் கெடுத்திருக்கிறாள்.

"ஏத்தட்டுமா வேணாமா? நீயே சொல்லு," என்றான் நெகுலாய். "ஏத்தச் சொன்னா ஏத்தறேன்."

அவள் குனிந்து தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டாள்.

முன்னூறு லிட்டர் பால் வடிய நேரம் எடுக்கும். வாசலைத் தாண்டி, சாலையோரச் சாக்கடையில் இறங்கி, சேற்றின் நடுவே வெள்ளையாகப் போனது. முதலில் நாய்கள் வந்தன, அடுத்து வாத்துகள். வண்டி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று பார்க்க அக்லாயா பூட்ஸ் சரசரக்க மேலே ஏறி வந்தாள். சாக்கடை ஓரம் நின்றுவிட்டாள்.

"யாரு பால்ல தண்ணி?" என்று கேட்டாள். பால் ஏன் ஓடுகிறது என்று கேட்கவில்லை.

"என்னோடது, நாஷா. நாலு லிட்டர்."

கிழவி கொஞ்ச நேரம் வாத்துகளைப் பார்த்தாள்.

"என்னோடது மூணு. நேத்தும் மூணு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஊத்தினே?"

"ஊத்தினேன்."

"நல்ல பொண்ணுக்குத்தான்டீ மெழுகுவத்தி பிடிச்சிருக்கேன்." அவள் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். "ஜொயானா நிறைசினை. பிப்ரவரியிலேயே கறவையை வத்த விட்டிருக்கணும். ஒம்போது குறைஞ்சா ஊர் குறையுமேன்னு கறந்துட்டே இருந்தேன். ஆறு ஆச்சு. அந்த வாயில்லாச் சீவன் என்னை ஒருநாள் உதைச்சிருந்தாலும் ஆறுதலா இருந்திருக்கும். இன்னையோட நிறுத்திடறேன்."

நெகுலாய் தன் தாளில் 'குளிர்தொட்டி பழுது, பால் திரிந்தது' என்று எழுதினான். "இந்தப் பொய் ஒரு தடவைதான் செல்லும்," என்றான். பதினொரு வீட்டுக்கும் ஸ்மராந்தாவே நடந்துபோய் மெஷின் மக்கர் பண்ணிவிட்டதாகச் சொன்னாள். யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வியாழக்கிழமை எல்லாருமே வண்டி வரும்வரை காத்து நின்றார்கள். மெஷின் சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். அக்லாயா வெறும் கேனைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் தன் இடத்தில் நின்றிருந்தாள். "கால் பழகிப்போச்சு," என்றாள். ஸ்மராந்தா ஏற்கெனவே கோலை விட்டுப் பார்த்திருந்தாள். இருநூற்று எழுபத்தேழு. சுத்தமான பால்.

நெகுலாய் வந்தான். லாக்டோமீட்டர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கோலை எடுத்துப் பார்த்தான், ஸ்மராந்தாவையும் பார்த்தான். பிறகு வாசலுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

"முன்னூறு! சொட்டுக் குறையல!"

ஊரே பெருமூச்சு விட்டது. யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்கள், அளவு என்றால் ஸ்மராந்தா சொன்னால்தான் அளவு. அவள் தலையை ஆட்டினாள்.

"முன்னூறா?" விசாரியோன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஜொயானா வத்திப்போயுமா? சந்தோசம்டா சாமி!" கையைத் தட்டிக்கொண்டார். "அப்ப என் கிழவி இருந்தா என்ன, போனா என்ன? நான்தான் ஊரைத் தூக்கி நிறுத்திட்டிருக்கேன்னு நெனைச்சு முட்டி தேய உக்காந்து கறந்துட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ஓட்டிர வேண்டியதுதான். டிக்கெட் போடச் சொல்லி மகளுக்கு இப்பவே போன் பண்றேன்."

குழாயைத் தூக்கிக்கொண்டிருந்த நெகுலாயின் கை அப்படியே நின்றது.

"வேணாம் அண்ணே," என்றாள் ஸ்மராந்தா. குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது. "விக்காதீங்க."

"ஏன் தங்கச்சி? அதான் நிறைஞ்சிருச்சே?"

இருநூற்று எழுபத்தேழு என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவர் மாடு நிற்கும், நெகுலாயின் வேலை போகும், அவனோடு வண்டியும் போகும். சொல்லாவிட்டால் மாடு போகும், ஆனாலும் நெகுலாய் நிரப்ப முடிகிறவரை இன்னும் ஒரு மாதமாவது வண்டி வரும். பதினொரு முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அக்லாயா வெறும் கேனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சும்மாதான்," என்றாள்.

விசாரியோன் சிரித்துக்கொண்டே தன் கேனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். முட்டி வலிப்பதாகவே தெரியவில்லை. வண்டி பாலை உறிஞ்சிக்கொண்டு புறப்பட்டுப் போனது. ஸ்மராந்தா கிணற்றுக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து தொட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.