மாரப்பன் வீட்டில் வைத்த பை

எங்கள் ஊர்ப்பக்கத்து விமான நிலையம் ஒரு கல்யாண மண்டபத்தைவிடச் சிறியது. நாளுக்கு ஒரே விமானம், சென்னைக்கு. நேற்று இரவுதான் என் மகள் நவ்யாவுக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் காலியான கடைசி இடத்துக்கு அழைப்பு வந்தது. இன்று மதியம் இரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு சென்னையில் நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். நாங்கள் கிளம்பியாக வேண்டியதோ ஏழே முக்காலுக்கு. அதனால் என் மனைவி பொற்கொடி ஆறரைக்கே சான்றிதழ் பையை என் கையில் திணித்து, போகிற வழியில் இருக்கும் அவள் அண்ணன் மாரப்பன் வீட்டில் வைத்துவரச் சொன்னாள். நல்ல நேரத்தில் பை வீட்டைத் தாண்டிவிட்டால் பயணமே தொடங்கிய கணக்காம். ஆட்டோ மாதிரி விமானமும் உன் பஞ்சாங்கத்துக்குக் காத்திருக்குமா என்று கத்திவிட்டுத்தான் வைத்துவந்தேன்.

அந்தக் கோபத்திலேயே காரை ஓட்டினேன். நவ்யா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். வழியில் பொற்கொடி போன் செய்தாள்.

"ஏனுங்க, பையை எடுத்தாச்சுங்களா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு!" என்று போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தபோது எடுக்கவேயில்லை.

விமான நிலையத்தில் டிக்கியைத் திறந்தேன். நவ்யாவின் துணிமணிப் பை மட்டும்தான் இருந்தது. மாரப்பன் வீட்டைத் தாண்டி வந்திருக்கிறேன்! போய்த் திரும்ப நாற்பது நிமிடம். கவுண்டர் மூட இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது. மாரப்பன் போனை எடுக்கவில்லை. நவ்யா அழுதாள். கவுண்டரில் இருந்த ரெபேக்காவிடம் கெஞ்சினேன்.

"எட்டு அம்பதுக்கு மூடியே ஆகோணுமுங்க சார். என்ற கையில ஒண்ணுமில்லீங்க."

எட்டு நாற்பத்தாறுக்கு ஒரு மொபெட் தடதடவென்று வாசலுக்கு வந்தது. மாரப்பன்தான். மடியில் பை.

"ஓடு கண்ணு, ஓடு!" என்றார். நவ்யா ஓடினாள்.

விமானம் மேலே ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு பொற்கொடியைக் கூப்பிட்டேன்.

"பாப்பா ஏறிட்டா, அம்மணி. பையை எடுத்துட்டேன்னு நான் சொன்னது..."

"தெரியுமுங்க. நீங்க நிக்காமப் போறீங்கன்னு அண்ணன் அப்பவே போன் பண்ணிட்டாரு. அதுக்கப்புறந்தான் உங்களைக் கேட்டேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"உங்ககூடச் சண்டை போட்டுட்டிருந்தா நேரம் போயிருக்குமுங்க. அதான் அண்ணனைக் கெளம்பச் சொல்லிப்போட்டேன்."